தவமணியின் நாவலைத் திருப்பிக் கொடுக்கப் போனது

வவுனியாவில் இருந்த சோதனைச் சாவடியில் ஒரு சிங்களச் சிப்பாய் என் பையிலிருந்த காகிதக் கட்டை எடுத்து, நூலை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். நூற்றுப் பதினெட்டுத் தாள். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், சிலவற்றை வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தான். பஸ் முழுவதும் எனக்காகக் காத்திருந்தது. அவன் ஏதோ கேட்டான். "என்ன இது எண்டு கேக்கிறான்" என்றார் கண்டக்டர். "நாவல்" என்றேன். சிப்பாய் சிரித்தபடி இன்னொன்று சொன்னான். "இவ்வளவத்தையும் ஆர் வாசிக்கப் போயினமாம்?" என்று கண்டக்டர் அதையும் தமிழில் சொன்னார்.

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாதவன் கால் மணி நேரம் செலவழித்து அத்தனை தாளையும் புரட்டிவிட்டான். சென்னையில், பெயரைச் சொன்னாலே ஜனங்கள் எழுந்து நிற்கிற ஓர் எழுத்தாளரின் வீட்டில் அந்தக் கட்டு நாலு வருடம் கிடந்தது. அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அவரைப் பெரியவர் என்றே இங்கே சொல்கிறேன். அவர் வீடு மாறியபோது புத்தகம் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு நின்றார். அவருக்கென்று ஒதுக்கிய குவியலில் இலங்கைத் தபால்தலை ஒட்டிய ஒரு பழுப்பு உறை கிடந்தது. உள்ளே கையெழுத்தில் ஒரு நாவலும் ஒரு கடிதமும் இருந்தன. "ஐயா, வாசித்து நாலு வரி எழுதினால் காணும். திட்டி எழுதினாலும் சந்தோசம்தான். என்னிடம் வேறு படி எடுக்கத் தாள் இல்லை, ஆனபடியால் இதைத் திருப்பி அனுப்புங்கள். தவமணி, தபால் கந்தோர், பருத்தித்துறை."

முதல் இருபத்திரண்டு பக்கங்களைக் காணோம். மீதியை அன்று மாலைக்குள் படித்து முடித்தேன். கடலுக்குப் போன புருஷன் திரும்பாதபோது, பொட்டை அழிக்கச் சொல்லி நெருக்குகிற கொழுந்தனிடம் மாட்டேன் என்று நிற்கிற ஒருத்தியின் கதை. பத்திரிகை அலுவலகத்தில் கதை தேர்ந்தெடுக்கும் வேலையில் நான் பதினோரு வருடமாக இருக்கிறேன். அப்படி ஒன்று என் மேசைக்கு வந்ததில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

படிக்கும்போதே தாள்களின் பின்பக்கம் கண்ணில் பட்டது. பதினாலு தாள்களின் பின்னால் பெரியவரின் கையெழுத்து. ஏதோ ஒரு விழாவுக்காக எழுதிய பேச்சின் வரைவு. தலைப்பு: "வளரும் எழுத்தாளர்களைக் கைதூக்கி விடுவோம்."

போய்க் கேட்டேன். "யாரு? ஞாபகம் இல்லையேம்மா. தினம் பத்துப் பேர் அனுப்பறாங்க" என்றார். காணாமல்போன பக்கங்களைப் பற்றி அவர் வீட்டம்மாள் சொன்னார்கள்: "அலமாரித் தட்டுல விரிச்சிருப்போம். பேப்பர் நல்லா கெட்டியா இருந்துது." இரண்டு வாரம் லீவு போட்டேன்.

யாழ்ப்பாணம் போகும் பஸ் ஆனையிறவுக்கு முன்னால் சக்கரம் பஞ்சராகி நின்றது. எல்லோரும் இறங்கி ஒரு தேநீர்க் கடையில் பால் இல்லாத தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். காப்பிக்குப் பழகின நாக்குக்கு முதல் வாய் கஷாயம். மூன்றாவது வாயில் பிடித்துவிட்டது. என் பேச்சைக் கேட்டதும் பக்கத்திலிருந்த வேட்டிக்காரர், "இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். இந்திய ராணுவம் கப்பலேறிப் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"உங்கடை ஆக்கள் இப்பதானே போனவை. என்ன, எதையேன் மறந்து விட்டிட்டுப் போட்டீங்களோ?"

கடையில் யாரும் சிரிக்கவில்லை. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பஞ்சர் ஒட்டி முடிந்ததும் அதே மனிதர் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, தேநீருக்கும் தானே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு என் மேல் கோபமும் இருந்தது, நான் விருந்தாளி என்பதும் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் இரண்டையும் ஒருசேர வைத்திருக்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பருத்தித்துறைத் தபால் கந்தோரில் போய் நின்றேன். கம்பிக்குப் பின்னால் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் கடிதங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். டக், டக் என்று ஒரே சீராக.

"தவமணி என்று ஒருத்தரைப் பார்க்க வேண்டும்."

"நான்தான். என்ன வேணும்?"

கட்டைக் கம்பி வழியாகக் காட்டினேன். முத்திரை குத்திய கை நின்றது. தன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மலரும், கண்ணில் நீர் வரும் என்றெல்லாம் வழி நெடுகக் கற்பனை பண்ணியிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"உதைப் பைக்குள்ளை வையுங்கோ. இது கந்தோர். நாலு மணிக்குப் பிறகு வாறன், வீட்டை போய்க் கதைப்பம்." பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன அண்ணை?" என்றார்.

வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு பக்கச் சுவர் ஷெல் விழுந்து இடிந்து, பனையோலையால் அடைக்கப்பட்டிருந்தது. தவமணியின் அம்மா குழல் புட்டும் மீன் சொதியும் வைத்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்கிற ஒன்று. அதில் எலுமிச்சை பிழிந்து புட்டின் மேல் ஊற்றிச் சாப்பிட்டபோது, நாங்கள் மீனைப் புளியில் மூழ்கடித்துக் கெடுக்கிறோமோ என்று தோன்றியது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தவமணி சாப்பிடவில்லை. கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருசம்" என்றார். "ஒவ்வொரு நாளும் தபால் பையை அவிழ்க்கிறது நான்தான். இந்த ஊரிலை எல்லாருக்கும் இந்தியாவிலை இருந்து கடிதம் வந்தது. பிள்ளையளைப் படிக்க விட்ட ஆக்களுக்கு, அகதியாப் போன ஆக்களுக்கு. ஒவ்வொண்டா நான்தான் பிரிச்சுப் போட்டனான். எனக்கு ஒரு போஸ்ட்காட் வரேல்லை."

"அவர் வாசிக்கவே இல்லை" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"வாசிச்சுப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். கூடாத எழுத்து எண்டு நினைச்சு எழுதுறதை விட்டிட்டன். விட்டு ரெண்டரை வருசம். இப்ப வந்து வாசிக்கவே இல்லையெண்டு சொல்லுறியள்."

அப்போதுதான் தாளின் பின்பக்கத்தைக் கவனித்தார். நான் தடுத்திருக்கலாம். எழுத்துக்கூட்டுவது போல நிதானமாகச் சத்தம் போட்டு வாசித்தார். "ஒரு புதிய எழுத்தாளனின் கையெழுத்துப் பிரதி நம் கைக்கு வரும்போது, அது ஒரு குழந்தை நம் மடியில் வந்து விழுவது போல..." அதற்கு மேல் வாசிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

எங்கள் பத்திரிகையின் அச்சடித்த சீட்டு. 'தங்கள் படைப்பைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' கீழே இரண்டெழுத்துச் சுருக்கொப்பம். என்னுடையது.

"உங்கடை பேரையும் பத்திரிகையையும் சொன்னவுடனை நினைச்சனான். இது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"நாவலுக்கு முன்னம் அனுப்பின சின்னக் கதை. ஏழு பக்கம். கரைவலை இழுக்கிற பொம்பிளையள் ரெண்டு பேர் சண்டை பிடிக்கிற கதை. ஞாபகம் இருக்கோ?"

"ஞாபகம் இல்லை" என்றேன். சொன்ன கணத்தில் எனக்கே கேட்டது. பெரியவர் சொன்ன அதே சொல். அவர் மேல் ஆயிரம் மைல் சுமந்துகொண்டு வந்த கோபம் அங்கேயே திரும்பி என் முகத்தில் அடித்தது. ஒரு நாளைக்கு முப்பது கதை வரும், முதல் பத்தியைப் பார்ப்பேன், சீட்டை வைப்பேன். உறையிலிருந்து வெளியே எடுக்காமலே சீட்டு வைத்த நாட்களும் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தவமணியின் அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இவள் முதல் எழுதிப் பாத்த மற்றக் கொப்பியளை நான்தான் எரிச்சனான் பிள்ளை" என்றார் என்னிடம். "ஆமி வீடு வீடாச் சோதிச்சுக்கொண்டு வந்தவங்கள். எழுத்தைக் கண்டால் இவளைக் கொண்டு போடுவாங்கள் எண்டு பயம். அடுப்புக்கை வைச்சிட்டன்."

எந்த ராணுவம் என்று நான் கேட்கவில்லை.

ஆக, அந்த நாவலில் உலகத்தில் மிச்சமிருந்தது நான் கொண்டுபோன நூற்றுப் பதினெட்டுத் தாள் மட்டும். முதல் நாலு அத்தியாயம் இல்லை. ஞாபகத்திலிருந்து மறுபடி எழுத முடியாதா என்று கேட்டேன். "நீங்கள் கதை எழுதிறனீங்களோ?" என்று கேட்டார் தவமணி. இல்லை என்றேன். "அதுதான் கேக்கிறியள்" என்றார்.

அம்மாதான் சொன்னார். "நீர்வேலியாளிட்டைக் கேளன்."

"அவளிட்டையோ? அவள் எப்பவோ குப்பையிலை போட்டிருப்பாள்."

நீர்வேலியாள் என்பது ராசமலர். வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பெண். பல வருடங்களுக்கு முன் ஒரே பத்திரிகையின் ஒரே பக்கத்தில் இருவருக்கும் முதல் கதை வந்திருக்கிறது. அடுத்த வாரமே ராசமலரிடமிருந்து தவமணிக்கு ஒரு கடிதம்: "உங்களின் கதையில் மூன்று பொய் இருக்கிறது." அதிலிருந்து சிநேகிதம். ஒருத்தி எழுதியதை மற்றவள் கையால் பிரதி எடுக்க வேண்டும், எடுத்து முடித்த பிறகுதான் கருத்துச் சொல்ல வேண்டும் என்று தங்களுக்குள் ஏற்பாடு. இந்த நாவலை முழுக்க வாசித்தவர் ராசமலர் ஒருவர்தான். சென்னைக்கு அனுப்புவதற்கு முன், நாலு அத்தியாயம் பிரதி எடுத்திருந்தபோது, ஏற்பாட்டை மீறி முடிவு பற்றி ஏதோ சொல்லிவிட்டார். அன்றைக்கு முறிந்தது. பிறகு இருவரும் பேசவில்லை.

மறுநாள் தவமணி கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு என்னுடன் மினிபஸ்ஸில் ஏறினார். நீர்வேலியில் எனக்கு வீடு தெரியாதாம், அதற்காகத்தானாம். வல்லைவெளியில் மினிபஸ் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் உவர் நிலம், ஒரு மரம் இல்லை, காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. டிரைவர் எஞ்சினைத் திறந்து பார்த்து, எஞ்சினையே கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த உழவு மெசினின், அதாவது டிராக்டரின், பெட்டியில் ஏறிக்கொண்டோம். உரமூட்டைகளின் மேல் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே தவமணி கேட்டார்: "உங்கடை ஊரிலை எழுதுற ஆக்கள் ஆளையாள் என்ன செய்வினம்?"

யோசித்தேன். "பொன்னாடை போர்த்துவோம். முன்னுரை எழுதுவோம். கூட்டத்தில் பாராட்டுவோம்."

"வாசிக்கிறதில்லையோ?"

நான் மூட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

நீர்வேலியில் மண் சிவப்பு. வாழைக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. முழங்கால் வரை சேற்றோடு, மண்வெட்டியுடன் ராசமலர் வந்தார். நாற்பது வயதிருக்கும், உயரமான ஆள். தவமணியைப் பார்த்ததும் மண்வெட்டியை வரம்பில் குத்தி நிறுத்தினார்.

"என்ன, வழி தவறி வந்திட்டியோ?"

"இவ சென்னையிலை இருந்து வந்தவ. இவவுக்குத்தான் அந்த நாலு அத்தியாயம் வேணுமாம்."

"இவவுக்கோ? உனக்கு வேண்டாமோ?"

"நீ வைச்சிருக்கிறியோ இல்லையோ, அதைச் சொல்லு."

ராசமலர் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் போனார். எனக்கு இதரை வாழைப்பழம் வந்தது. விரல் நீளம்தான், ஆனால் சந்தனம் போல ஒரு நிறமும் வாசமும். நாலு பழம் சாப்பிட்டும் அவர் வரவில்லை. தவமணி வாழைத்தாரைப் பார்ப்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லையென்றால் நாவல் இல்லை. அவ்வளவுதான்.

ராசமலர் ஒரு பால்மா டின்னோடு வந்தார். மெழுகு ஊற்றி மூடியிருந்த வாயைக் கத்தியால் நெம்பித் திறந்தார். "மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை மண்ணுக்குள்ளை ரெண்டு வருசம் தாட்டு வைச்சிருந்தனான். உன்ரையும் என்ரையும். எங்கடை வீட்டையும் சோதிச்சவங்கள்தானே."

உள்ளே மேலாக ஒரு பள்ளிக் கொப்பி. முதல் நாலு அத்தியாயமும் ராசமலரின் கையெழுத்தில், ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகளோடு. 'இது பொய்.' 'ஒரு சொல் கூடிப்போச்சு.' 'காற்று இந்த மாதம் தெற்கில் இருந்து வராது, உனக்குத் தெரியாததா?' தவமணி நின்றபடியே பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் எழுதியிருந்தது: 'இந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்க வேண்டும். பொறாமையாய்க் கிடக்கு.'

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" தவமணி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

"எங்கை சொல்ல விட்டனீ? முடிவு பிழையெண்டு சொன்னவுடனை சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டாய்."

"முடிவு பிழையில்லை."

"பிழைதான். அவள் கொழுந்தனை மன்னிக்கிறாளாம். ஊருக்குப் பயந்து எழுதியிருக்கிறாய். அவள் மன்னிக்கமாட்டாள். நீயும் மன்னிக்கிற ஆளில்லை, நாலு வருசத்துக்கு மேலாப் பாக்கிறன்தானே."

வாழைக்குள் இரண்டு பேரும் நின்று அரை மணி நேரம் சண்டை பிடித்தார்கள். ஒரு கற்பனைப் பெண் தன் கொழுந்தனை மன்னிப்பாளா மாட்டாளா என்று, சொத்துத் தகராறு போல. தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. பெரியவரின் வீட்டுக் கூடத்தில் நான் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாரும் யாரையும் பார்த்து இப்படிக் கத்தியதில்லை. அங்கே எல்லோரும் எல்லாவற்றையும் பிரமாதம் என்பார்கள்.

திரும்பும்போது நாவலைச் சென்னைக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டேன். போட்டோகாப்பி எடுத்தால் போதும், மூலம் இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

"போட்டோக்கொப்பி எடுக்கிறதெண்டால் வாசிக்கத் தேவையில்லை" என்றார் தவமணி. "வேணுமெண்டால் கையாலை எழுதிக்கொண்டு போங்கோ."

ஐந்து நாள் எழுதினேன். காலையில் அவர் கந்தோருக்குப் போகும்போது தொடங்கி மாலை வெளிச்சம் போகும்வரை. இரண்டாம் நாள் விரல் வீங்கியது. அம்மா நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டார். மூன்றாம் நாள் எனக்கு ஆத்திரமாக வந்தது. பதினோரு வருடத்தில் நான் எத்தனை ஆயிரம் பக்கத்தைத் தள்ளியிருப்பேன், அவற்றில் ஒன்றையாவது அதை எழுதினவர் எழுதிய வேகத்தில் வாசித்திருக்கிறேனா? ஒரு வாக்கியத்தைக் கையால் எழுதும்போதுதான் அது ஏன் அங்கே நிற்கிறது என்று புரிகிறது. கடைசி அத்தியாயம் வந்தபோது ராசமலர் சொன்னது சரி என்று எனக்கும் பட்டது. பயந்துகொண்டே தவமணியிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நேற்றே திருத்தி எழுதத் தொடங்கிட்டன். அவளுக்கு இப்ப சொல்லிப் போடாதையுங்கோ. சந்தோசப்படுவாள்."

திருத்திய அத்தியாயத்தைக் கடைசி நாள்தான் கொடுத்தார், மை காயாமல். அதையும் பிரதி எடுத்தேன்.

பஸ் நிலையம் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். விடைபெறும்போது நெகிழ்ச்சியாக ஏதாவது சொல்வார் என்று இன்னமும் எதிர்பார்த்தேன். நான் திருந்தவேயில்லை.

"உங்கடை மேசையிலை இப்ப வாசிக்காமல் எத்தினை கதை கிடக்கும்?"

"தெரியாது."

"போய் எண்ணிப் போட்டு எனக்கு எழுதுங்கோ."

"எழுதுறேன்."

"சும்மா சொல்லக்கூடாது. தபால் பையை அவிழ்க்கிறது நான்தான்."

சென்னையில் இறங்கியதும் அலுவலகத்துக்குத்தான் போனேன். மேசை, அலமாரி, ஆசிரியரின் அறைக்கு வெளியே இருந்த சாக்கு. நூற்று நாற்பத்து மூன்று. அன்றே எழுதித் தபாலில் போட்டேன். அச்சடித்த சீட்டுக்கட்டைக் கிழித்தேன். ஆசிரியர் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் கைப்படப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் பத்திரிகை வெளிவருமா என்று கேட்டார். வராவிட்டால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மறுநாள் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. கேட்டேன். ஆனால் சீட்டை மறுபடி அச்சடிக்க விடவில்லை.

நாவல் ஒரு சின்ன அச்சகத்தில் பாதி அச்சுக் கோர்த்தாகிவிட்டது. பெரியவர் ஆளனுப்பி, தானே முன்னுரை எழுதித் தருவதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் தான் கண்டெடுத்த எழுத்தாளர் என்று ஒரு கூட்டத்தில் பேசியும் விட்டாராம். முன்னுரை கிடையாது என்று பதில் அனுப்பினேன். அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஜூனில் அங்கே மறுபடி சண்டை தொடங்கியது. தவமணிக்கு நான் போட்ட கடிதம் நேற்றுத் திரும்பி வந்தது, வடக்குக்குத் தபால் போவதில்லை என்ற முத்திரையோடு. எங்கெங்கோ அலைந்து மூலைகள் நைந்திருக்கின்றன. அவர் இருக்கிறாரா, கந்தோர் இருக்கிறதா, கொழும்பில் யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறவர் இல்லை. இரவல் வாங்கிய ரேடியோவில் ஊர்ப்பெயர்கள் மட்டும் வருகின்றன.

உறையை நான் பிரிக்கவில்லை. உள்ளே நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதியிருக்கிறது. அது இப்போது தப்பு. இன்று மாலை எண்ணினேன், ஐம்பத்தெட்டு. புதுக் கடிதம் எழுதி, அதே விலாசம் எழுதி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதுவும் திரும்பி வரும் என்று தெரியும். வரட்டும். அதற்குள் எண் இன்னும் குறைந்திருக்கும், அதையும் எழுதி மறுபடி போடுவேன்.